டர்போ காருக்கு ஈசியு வாங்கும் முன்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈசியு என்பது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்யும் கணினிப் பெட்டி. டர்போ காரில் அதை மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். அதை மாட்டி, இன்ஜினுக்கு ஏற்ப அதன் அளவுகளைச் சரிசெய்யத் தெரிந்த டியூனரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இந்த வரிசையில் போனால் பணமும் வண்டியும் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். முதலில் வண்டி, அடுத்து டியூனர், அதற்கடுத்து பெட்ரோல், கடைசியில் பெட்டி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்

பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் இருந்தால் போர்ட் இன்ஜெக்‌ஷன். சிலிண்டர் ஹெட்டுக்குள் நேராக இறங்கி, கேம்ஷாஃப்டால் ஓடும் ஹை பிரஷர் பம்ப் ஒன்றும் இருந்தால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ, ஹூண்டாய் டர்போ ஜிடிஐ, மாருதி பூஸ்டர்ஜெட் எல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஃபியட்டின் 1.4 டி-ஜெட்டும் டாடா நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோலும் போர்ட் இன்ஜெக்‌ஷன்.

செலவில் பாதியைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான். டைரக்ட் இன்ஜெக்டரைத் திறக்க 12 வோல்ட் போதாது. சுமார் 65 வோல்ட்டுக்கு ஏற்றி அடிக்கிற டிரைவர் வேண்டும், ஹை பிரஷர் பம்பையும் கிராங்க் கோணத்துக்கு ஏற்ப ஓட்ட வேண்டும். கம்பெனி ஈசியுவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கும் தனி ஈசியுவை ஸ்டாண்டலோன் என்பார்கள். சாதாரண ஸ்டாண்டலோன் எதிலும் இது இல்லை. மோட்டெக் எம்142 மாதிரியான பெட்டிகளில் உண்டு, ஆனால் விலை வேறு உலகம். அதனால் டிஎஸ்ஐ, ஜிடிஐ, பூஸ்டர்ஜெட் வைத்திருப்பவர்கள் கம்பெனி ஈசியுவின் உள் கணக்கை மட்டும் திருத்தும் ரீமேப்போடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். காமன் ரெயில் டீசலுக்கும் இதே பதில்தான்.

டிஎஸ்ஐயில் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இருந்தால் இன்னொரு எல்லையும் உண்டு. அந்த டிக்யூ200 கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டருக்குத்தான் கட்டப்பட்டது. டார்க் (சுழற்றும் விசை) அதைத் தாண்டுகிற மேப்பை (ஈசியுவுக்குள் ஏற்றும் அட்டவணைத் தொகுப்பை) யாராவது பெருமையாகக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் கேபிளா, எலக்ட்ரானிக்கா? சாவியில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத சிப்) உண்டா? வண்டி பிஎஸ்4-ஆ, பிஎஸ்6-ஆ? பிஎஸ்6 வண்டியில் மீட்டர், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஏசி எல்லாமே கம்பெனி ஈசியுவோடு கேன் லைன் என்ற பொது ஒயரில் பேசிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிய அடுத்த நிமிடம் டாஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும்.

ஈசியுவின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். டியூனர் முதலில் கேட்பது அதைத்தான்.

2. நான்கு வழிகள்

ரீமேப் என்பது கம்பெனி ஈசியுவுக்குள் இருக்கும் டேபிள்களைத் திருத்துவது. சென்சார், ஒயரிங், பாதுகாப்பு எல்லாம் அப்படியே இருக்கும். டர்போவும் இன்ஜெக்டரும் கம்பெனியுடையதாகவே இருக்கும்வரை இதைவிட நல்ல வழி கிடையாது.

பிக்கிபேக் என்பது சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே உட்கார்ந்து சிக்னலை மாற்றிச் சொல்லும் பெட்டி. பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவாக இருப்பதாக ஈசியுவை நம்பவைத்து அதிகமாக ஏற்ற வைக்கும். மலிவு, அரை மணி நேரத்தில் மாட்டலாம். ஆனால் டைமிங் (தீப்பொறி அடிக்கும் நேரம்) முழுவதும் கம்பெனி ஈசியு கையில்தான். அது கற்றுக்கொண்டு பழையபடி திருத்திக்கொள்ளப் பார்க்கும், அல்லது நிலைமை தெரியாமல் டைமிங்கை முன்னுக்கு வைத்திருக்கும். நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் வண்டிக்கு இதை நாங்கள் சொல்வதில்லை.

பிளக்-இன் ஸ்டாண்டலோன், கம்பெனி கனெக்டரிலேயே பொருந்தும். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தியாவில் மட்டும் விற்ற கார்களுக்கு அனேகமாகக் கிடைக்காது.

ஒயர்-இன் ஸ்டாண்டலோன் என்றால் ஹார்னஸையே (ஒயர் தொகுப்பையே) புதிதாகக் கட்ட வேண்டும். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், டிராக்கில் ஓடும் கார் என்றால் இது. ஹால்டெக், லிங்க், ஈசியுமாஸ்டர், மேக்ஸ்ஈசியு, மோட்டெக் ஆகியவை இந்தக் கூட்டம். ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ, மெகாஸ்க்விர்ட் என்று சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் வழிகளும் உண்டு. ஸ்பீடுயினோ எலக்ட்ரானிக் த்ராட்டிலை ஓட்டாது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய இன்ஜினுக்கு அது தாராளம்.

3. பெட்டிக்கு முன்னால் டியூனரைப் பிடியுங்கள்

சாசி டைனோ (உருளைமேல் வண்டியை ஓட்டி பவரை அளக்கும் மேடை) வேண்டுமென்றால் கோவை, கொச்சி, பெங்களூரு பக்கம் போகத் தயாராக இருங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போவதா, லாரியில் ஏற்றுவதா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். டியூன் ஆகாத ஸ்டாண்டலோனோடு நானூறு கிலோமீட்டர் ஓட்டக் கூடாது.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் டியூனர் தினமும் எந்த ஈசியுவில் வேலை செய்கிறாரோ, அதுதான் உங்களுக்கு நல்ல ஈசியு. அவருக்குப் பழக்கமில்லாத பெட்டியில் எத்தனை வசதி இருந்தாலும் அவர் அதைத் தொடமாட்டார். தொட்டாலும், டைனோ வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் வண்டியில்தான் அவர் அதைக் கற்றுக்கொள்வார்.

பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்:

- மேப் ஃபைல் பாஸ்வேர்டு இல்லாமல் என் கைக்கு வருமா?
- காலை ஸ்டார்ட்டிங், ஐடில், ஏசி போட்டதும் ஆர்பிஎம் விழாமல் பிடிப்பது எல்லாம் இந்தத் தொகைக்குள் வருமா, பவர் ரன் மட்டும்தானா?
- சென்சார் பழுதாகி இரண்டாம் தடவை வந்தால் எவ்வளவு?
- லாக் (வண்டி ஓடும்போது ஈசியு பதிவுசெய்யும் அளவுகள்) அனுப்பினால் தூரத்தில் இருந்தே திருத்திக் கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்விதான் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உயிர்நாடி. டைனோவில் எடுத்த மேப்பை நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் இரண்டு மூன்று முறை திருத்த வேண்டிவரும். அதற்கு ஒவ்வொரு முறையும் வெளியூர் போக முடியாது.

4. அவுட்புட், இன்புட் எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். நான்கு சிலிண்டர் போர்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ என்றால்: இன்ஜெக்டர் 4, காயில் 4, பூஸ்ட் சோலனாய்டு 1, ஃபியூயல் பம்ப் ரிலே 1, ஃபேன் 1 அல்லது 2, ஏசி கிளட்ச் 1, டேக்கோ 1, மாறும் கேம் டைமிங் இருந்தால் 1. எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் மோட்டாரை இரு பக்கமும் சுழற்ற ஒரு ஜோடி தனி அவுட்புட், பெடலுக்கு இரண்டு சென்சார், த்ராட்டிலுக்கு இரண்டு சென்சார்.

இன்புட்டில் கிராங்க், கேம், கூலன்ட் வெப்பம், காற்று வெப்பம், மேனிஃபோல்டு பிரஷர், நாக் சென்சார் (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங்கைக் கேட்பது), வைட்பேண்ட் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது), ஆயில் பிரஷர், ஃபியூயல் பிரஷர். கிராங்க் வீலில் பல் எண்ணிக்கை 60-2-ஆ (60 பல்லில் 2 இல்லாதது), 36-1-ஆ (36-ல் 1 இல்லாதது) என்பதையும் எழுதுங்கள். இத்தனையும் போக இரண்டு மூன்று சேனல் மிச்சம் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். ஆயில் பிரஷருக்கு இடம் இல்லாத பெட்டி விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பிரஷர் சென்சாரின் அளவில் பலர் ஏமாறுகிறார்கள். அது முழு அழுத்தத்தை அளக்கும். கேஜில் காட்டும் பூஸ்டோடு காற்று மண்டலத்தின் 1 பாரையும் கூட்ட வேண்டும். 1.2 பார் பூஸ்ட் என்றால் 2.2 பார். 2.5 பார் சென்சாரில் அது விளிம்புக்குப் பக்கம்; 3 பார் வாங்குங்கள்.

5. பெட்ரோல் கணக்கு: இ20-ஐ மறக்காதீர்கள்

பங்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கையேடுகளில் உள்ள 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கானது. இ20-க்கு அது சுமார் 13.5. குழப்பத்தைத் தவிர்க்க எல்லாவற்றையும் லாம்டாவில் (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) பேசுங்கள், டியூனரையும் பேசச் சொல்லுங்கள். முழு பூஸ்டில் லாம்டா 0.78 முதல் 0.82 வரை என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு கணக்கு. டர்போ இன்ஜின் ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்கு சுமார் 6.3 சிசி பெட்ரோல் குடிக்கும். 200 குதிரைத் திறன் வேண்டுமென்றால் 1,260 சிசி. நான்கால் வகுத்தால் 315. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுத்தால் 394. இ20-க்கு 8 சதவீதம் கூட்டினால் 425. அதற்கு மேல் சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவை வாங்குங்கள். இன்ஜெக்டரின் டெட் டைம் (மின்சாரம் கொடுத்தபின் திறக்கப் பிடிக்கும் தாமதம்) டேபிளையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு இன்ஜெக்டரில் ஐடில் ஒருநாளும் நிற்காது.

எந்தப் பெட்ரோலில் டியூன் செய்கிறீர்களோ அதில்தான் வண்டி ஓட வேண்டும். 100 ஆக்டேன் போட்டு மேப் எடுத்துவிட்டு, அவசரத்துக்கு தக்கலையில் சாதாரண பெட்ரோல் போட்டால் நாக்கிங் வரும். வீட்டுப் பக்கத்து பங்கில் தினமும் கிடைப்பதற்கே மேப் எடுங்கள். முடிந்தால் எத்தனால் சென்சார் இன்புட் உள்ள ஈசியுவாகப் பாருங்கள். கலவை மாறினாலும் தானாகச் சரிக்கட்டும்.

6. பவரைவிடப் பாதுகாப்பு வசதிகளைப் பாருங்கள்

பூஸ்ட் எல்லை தாண்டினால் கட், லாம்டா ஏறினால் கட், ஆயில் பிரஷர் விழுந்தால் கட், கூலன்ட் சூடானால் பூஸ்ட் குறைப்பு, நாக்கிங் கேட்டால் டைமிங் பின்வாங்கல். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். நாக் சென்சாரின் அலைவரிசையைத் தோராயமாகக் கணக்கிட, 1800-ஐ பையாலும் (3.14) மில்லிமீட்டரில் உள்ள போர் (சிலிண்டர் விட்டம்) அளவாலும் வகுங்கள். 80 மில்லிமீட்டர் போருக்கு சுமார் 7.2 கிலோஹெர்ட்ஸ் வரும்.

ஒரே ஒரு பழுதை அருகில் இருந்து பார்ப்போம். மேனிஃபோல்டில் இருந்து பிரஷர் சென்சாருக்குப் போகும் 4 மில்லிமீட்டர் ரப்பர் ஹோஸ் இன்ஜின் சூட்டில் இறுகி, ஒரு நாள் நழுவிவிடுகிறது. உள்ளே 180 கிலோபாஸ்கல் இருக்கிறது. சென்சார் வெளிக்காற்றை அளந்து 100 என்கிறது. ஈசியு 100-க்கான பெட்ரோலைத்தான் கொடுக்கும், 100-க்கான டைமிங்கைத்தான் வைக்கும். அதாவது பெட்ரோல் கிட்டத்தட்ட பாதி, தீப்பொறி பல டிகிரி முன்னால். இரண்டு மூன்று விநாடி போதும், பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடைந்துவிடும். அதே ஹோஸ் ஐடிலில் நழுவினால் நேர்மாறாக, 35 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று படித்து பெட்ரோலைக் கொட்டும், கரும்புகை வரும். எனவே திடீரென்று ஐடிலில் புகை வந்தால் வண்டியை எடுக்காமல் முதலில் அந்த ஹோஸைப் பாருங்கள். மாட்டும்போதே சிலிகான் ஹோஸ் போட்டு இரு முனையிலும் கிளிப் வையுங்கள். த்ராட்டில் திறப்பையும் பிரஷரையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கட் செய்யும் வசதி ஈசியுவில் இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள்.

7. ஒயரிங்: கடல் காற்றை நினைத்துக் கட்டுங்கள்

முட்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கம் வண்டி நிற்குமென்றால் உப்புக் காற்று ஆறு மாதத்தில் கிரிம்ப் (ஒயரை நசுக்கிப் பிடிக்கும்) இணைப்புக்குள் பச்சை பிடிக்க வைக்கும். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஈசியுவை இன்ஜின் அறையில் வைக்காதீர்கள். கேபினுக்குள், தரைக் கார்ப்பெட்டுக்கு மேலே, கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். ஒயரில் இறங்கும் தண்ணீர் கனெக்டருக்குள் போகாது.

இன்ஜின் அறையில் ரப்பர் சீல் உள்ள கனெக்டர் மட்டும். ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலைக்கு இடமே இல்லை. சரியான பல் உள்ள கிரிம்பர் வாங்குங்கள். கொறடால் நசுக்கிய டெர்மினல் முதல் மழைக்கே போய்விடும். சென்சாருக்கு 0.35 அல்லது 0.5 சதுர மில்லிமீட்டர், இன்ஜெக்டருக்கு 0.5 முதல் 0.75, பெட்ரோல் பம்புக்கு 2.5, அதற்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு ஒயர். ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

சென்சார் எர்த்தை பாடியில் அடிக்காதீர்கள், ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுவாருங்கள். ஈசியுவின் பவர் எர்த் இன்ஜின் பிளாக்குக்குப் போக வேண்டும். சோதிக்க, இன்ஜின் ஓடும்போது ஃபேன், ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈசியு எர்த்திலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ பெயின்ட் சுரண்டாமல் போல்ட் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி ஹார்னஸை வெட்டாதீர்கள். பழைய வண்டி உடைக்கும் கடையில் அதே ஈசியு கனெக்டர் கிடைத்தால் அதை வைத்து அடாப்டர் கட்டலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் பழைய ஈசியுவைத் திரும்ப மாட்டலாம்.

8. செலவும் இறக்குமதிக் காகிதமும்

இவை உத்தேசக் கணக்கு. வாங்கும் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீமேப்: 20,000 முதல் 45,000 வரை.
ஒயர்-இன் ஸ்டாண்டலோன் பெட்டி: நடுத்தரம் 1 முதல் 2 லட்சம், வரி தனி.
வைட்பேண்ட், போஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு: 20,000 முதல் 30,000.
ஹார்னஸ், பொருளும் கூலியும்: 40,000 முதல் 80,000.
டைனோவும் டியூனிங்கும்: 30,000 முதல் 60,000, வண்டி கொண்டுபோகும் செலவு தனி.

பெட்டியின் விலை மொத்தச் செலவில் பாதிதான் என்பதை மனதில் வைத்து பட்ஜெட் போடுங்கள். பெட்டிக்கே பணம் தீர்ந்துபோனவர்கள்தான் ஒயரிங்கில் மிச்சம் பிடித்து, பிறகு அதில் அடிபடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து நேரடியாக வரவழைத்தால் ஆதார், பான், பணம் கட்டிய ரசீது, இன்வாய்ஸ், பொருள் என்ன என்று சொல்லும் தயாரிப்பாளரின் ஒரு பக்க விளக்கம் ஆகியவற்றை பிடிஎஃப் ஆக்கித் தயாராக வையுங்கள். சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் எவ்வளவு வரும் என்று கூரியர் நிறுவனத்திடம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். விலையைக் குறைத்துக் காட்டும்படி விற்பவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் பொருளும் போகும், அபராதமும் வரும். இந்திய டீலரிடம் வாங்கினால் கொஞ்சம் கூடுதல், ஆனால் பழுதானால் திருப்பி அனுப்ப ஓர் இடம் இருக்கும். முதல் முறை வாங்குகிறவர்கள் டீலரிடமே வாங்குங்கள்.

9. சட்டம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிஎன்74 ஆனாலும் டிஎன்75 ஆனாலும் இதுதான். களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள் போய்வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே மாற்றம் செய்த வண்டிகளைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

எங்கள் கருத்து வெளிப்படையானது. பெரிய டர்போவும் ஸ்டாண்டலோனும் டிராக் வண்டிக்கு. தினமும் ரோட்டில் ஓடும் பிஎஸ்6 வண்டியில் கம்பெனி ஈசியுவைக் கழற்றாதீர்கள், கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கையால்கூடத் தொடாதீர்கள். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் இல்லாத வண்டி அதைத் தாண்டிவிடும்.

செய்யும் மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்குங்கள். வாய்மொழியாக ஏஜென்ட் ‘பார்த்துக்கலாம்’ என்றால் அது கிளெய்ம் அன்று உதவாது. வாரன்டி உள்ள வண்டியில் ரீமேப் செய்தால் சர்வீஸ் சென்டரில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஃபைலைப் பழையபடி மாற்றிவைத்தாலும் தடயம் இருக்கும். வாரன்டி முடியும்வரை பொறுங்கள்.

10. எப்போது செய்வது

ஜனவரி, பிப்ரவரியில் ஒயரிங். மார்ச், ஏப்ரலில் டியூனிங். வெயில் உச்சத்தில் எடுத்த மேப் மழைக்காலத்தில் நாக்கிங் தராது. டிசம்பரில் எடுத்தது ஏப்ரலில் தரும். பெட்டி வந்துசேர மூன்று முதல் ஆறு வாரம், ஹார்னஸ் கட்ட இரண்டு வாரம், டைனோ தேதி கிடைக்க இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலேயே டியூனரிடம் பேச ஆரம்பிக்க வேண்டும்.

டைனோவுக்குப் புறப்படும் முன்: கம்ப்ரஷன் டெஸ்ட், இன்டேக் குழாய்களுக்குக் காற்றடைத்து லீக் டெஸ்ட், புது ஆயில், புது ஃபியூயல் ஃபில்டர், ஒரு படி கூலான ஸ்பார்க் பிளக் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் கேப்பில். முதல் ஸ்டார்ட்டில் ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் அடித்து, 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். குறி நகர்ந்தால் கிராங்க் சென்சாரின் இரண்டு ஒயர் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் மேப் முழுவதும் பொய்.

11. டியூன் முடிந்து வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் லாக் எடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றில் இன்டர்கூலர் நன்றாகவே குளிரும், அங்கே எடுத்த லாக் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். மாலை ஐந்தரைக்கு மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு எடுக்கும் லாக்தான் டியூனருக்குத் தேவை. அதில் காற்று வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும்போது டைமிங் பின்வாங்குகிறதா என்று பார்ப்பார். பொது ரோட்டில் வேக எல்லைக்குள் மட்டும். முழு பூஸ்ட் ரன் டைனோவிலோ டிராக்கிலோதான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே அறிவிக்கும்போது முன்பதிவு செய்துகொள்ளலாம்.

கடைசி மேப் ஃபைலைத் தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். கழற்றிய கம்பெனி ஈசியுவை சாவி ஜோடியோடு சேர்த்து, சிலிகா ஜெல் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வீட்டு அலமாரியில் வையுங்கள். வண்டி டிக்கியில் வேண்டாம். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.